முதலாளியம்மா அறை

“ஏசியே இல்லாத கட்டிடம்னு வாசல்ல போர்டு வெச்சிருக்கோம், மேடம். ஆனா முதலாளியம்மா ரூம்ல மட்டும் ஓடுது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

தையல் ஆலையின் சூப்பர்வைசர் இதைக் கிசுகிசுத்தபோது, பரிசோதனைக்கு வந்திருந்த அந்தப் பெண் என்ஜினீயருக்குச் சுருக்கென்றது.

அதுவரை அவள் தரையில் கால் பாவாமல்தான் நடந்துகொண்டிருந்தாள்.

புதுக் கட்டிடங்கள் சொன்னபடி நடந்துகொள்கின்றனவா என்று சோதித்துச் சான்று தருவதுதான் அவள் வேலை. முக்கால்வாசிக் கட்டிடங்கள் ஏமாற்றிவிடும். ஒருத்தர் அழகுக்குக் கண்ணாடிச் சுவர் வைப்பார், உள்ளே வெந்து போகும். இன்னொருத்தர் வந்து ஏசி மாட்டுவார். வெயிலுக்குப் பயந்து திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போடுவார்கள். அந்த விளக்குச் சூட்டுக்கு இன்னொரு ஏசி!

இங்கே அப்படி இல்லை. வெளியே தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற வெயில். உள்ளே காலை வைத்ததும் பெரிய மரத்தடிக்கு வந்த மாதிரி இருந்தது. அத்தனை மெஷின்கள் தடதடக்கின்றன, ஒருத்தர் நெற்றியிலும் வியர்வை இல்லை.

“காத்து எங்கேருந்துங்க வருது?”

“நீங்கதான் என்ஜினீயர். என்னைக் கேட்டா?” என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

ஒரு மெஷினிலிருந்து முழ நூலை அறுத்து உயர்த்திப் பிடித்தாள். நூல் நேராகத் தொங்கவில்லை. மெல்லச் சாய்ந்து, ஹால் நடுவே புகைபோக்கி மாதிரி உயர்ந்து நின்ற கூண்டைக் காட்டியது.

அந்தக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தவளுக்கு எல்லாம் விளங்கியது. உச்சியில் கறுப்புத் தகடு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று மேலே ஓடுகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்ப, வடக்கே மரநிழலில் இருக்கும் காற்று தரைக்கடியில் நுழைந்து, குளிர்ந்து, தைப்பவர்களின் காலடியில் வந்து எட்டிப் பார்க்கிறது.

வெயிலை வைத்தே வெயிலை விரட்டியிருக்கிறார்கள்!

வெளிச்சம்கூட வடக்கு ஜன்னல் வழியாக, ஊசிக்காது தெரிகிற அளவுக்கு, சூடில்லாமல் வந்து விழுந்தது. சுவர், ஜன்னல், கூரை, மெஷின் வரிசை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“அடேயப்பா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் இப்படி ஒரு குண்டைப் போட்டார்.

“ஏசின்னு எப்படிச் சொல்றீங்க? பார்த்தீங்களா?”

“யாரை உள்ளே விட்டாங்க? எதுன்னாலும் அவங்களே வெளியே வந்து பேசிட்டு, சட்டுனு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்குவாங்க. ஏசி ரூமைத்தானே அப்படிச் சாத்துவாங்க? கதவுல காதை வெச்சா ‘உர்ர்’னு சத்தம் கேக்குது. எங்களுக்குள்ள அவங்க பேரே ஐஸ்பெட்டிதான்.”

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “நமக்குக் காத்து, அவங்களுக்கு ஏசி. முதலாளின்னா சும்மாவா?”

என்ஜினீயருக்குத் தன்னையே ஏமாற்றிவிட்ட மாதிரி ஆத்திரம் வந்தது. கட்டிடம் முழுக்க உண்மை பேசுகிறது, கட்டியவர் பொய் சொல்வதா? ஒரே ஒரு ஏசி இருந்தாலும் சான்று கிடையாது என்று முடிவுசெய்துகொண்டு, போய்க் கதவைத் தட்டினாள்.

“மத்த இடமெல்லாம் பார்த்தாச்சு இல்ல? இது வெறும் ஆபீஸ் ரூம். விட்டுடுங்களேன்” என்றது உள்ளிருந்து குரல்.

“பார்க்காம சான்று தர முடியாதுங்க.”

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தது.

“சட்டுனு உள்ளே வாங்கம்மா.”

நுழைந்தாள். முகத்தில் அனல் அடித்தது.

மூலையில் ஒரு பழைய மின்விசிறி ‘உர்ர்’ரென்று வெந்த காற்றையே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தது. முதலாளியம்மாவின் நரைத்த முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. கழுத்தில் ஈரத் துண்டு.

“என்னம்மா இது? இதுக்குள்ள எப்படி உட்கார்ந்திருக்கீங்க?”

“மெதுவா பேசுங்க. வெளியே கேக்கும்.”

என்ஜினீயர் மேற்குச் சுவரைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டாள். பிற்பகல் வெயில் முழுவதையும் இந்த அறை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கிறது. கதவைத் திறந்து வைத்தால், இந்தச் சூடெல்லாம் ஹாலுக்குள் போய்விடும்.

“பிளான் வரைஞ்சவங்க கெட்டிக்காரங்க” என்றாள் முதலாளியம்மா. “படிக்கட்டு, கழிவறை, துணிக் கிடங்கு எல்லாத்தையும் மேற்கே தள்ளி, ஹாலுக்கு வெயில் படாம மறைச்சுட்டாங்க. அப்படியும் இந்த ஒரு மூலை மிஞ்சிடுச்சு.”

“வெளியே உங்களைப் பத்தி என்ன பேசிக்கறாங்க தெரியுமா?”

“ஐஸ்பெட்டின்னுதானே? பேரு நல்லாத்தான் இருக்கு.” துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். “விஷயம் தெரிஞ்சா, அந்தக் காத்து அவங்க உடம்புல ஒட்டுமா, சொல்லுங்க.”

என்ஜினீயர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “இந்த மூலையை வேற எதுக்காவது விட்டிருக்கலாமேம்மா?”

“விடலாம்தான். பத்து மெஷின் போடலாம், இல்லேன்னா ஒரு மேஜை போடலாம்னாங்க. ஒரு மேஜை போதும்னுட்டேன்.”