ஒரு வீடு கூடுதல்

பையில் மிச்சமிருந்த புளியங்கொட்டைகளை அவன் அவள் உள்ளங்கையில் கொட்டினான்.

“பத்திரமா வை வேணி. நாளைக்குத் தெக்குத்தெருவுக்கு வேணும்.”

பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

மந்தைத் திடலில் ஊர் படமாக விரிந்து கிடந்தது. பெண்கள் கோலப்பொடியில் தெருக்களைப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. வீட்டில் இருக்கும் ஆளுக்கு ஒரு மக்காச்சோள மணி. ஓடைக்கு நீலப்பொடி.

சமூக மேம்பாட்டு முதுகலையின் கடைசிப் பருவம். ஆய்வுக்காக இருவரும் வந்திருந்தார்கள். அவள் பால்வாடி டீச்சர் வீட்டில். அவன் பள்ளிக்கூடத்தில்.

முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது இதுதான். படத்தை ஊர் போடும். திருத்துவதானாலும் ஊர்தான் திருத்தும். படிக்க வந்தவர்கள் கை வைக்கக் கூடாது.

மகளிர் குழுத் தலைவி சடைச்சி எழுந்து இடுப்பை நிமிர்த்தினாள். படத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய காலி மனையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தாள்.

அதன் பக்கத்தில் இரண்டு மணிகள்.

“அங்க ஏதுக்கா வீடு?” என்றான் அவன்.

“ஏன், நீயும் இந்தப் புள்ளையும் ரோட்டுலயா குடியிருக்கப் போறீக?”

பெண்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“கல்யாணம் சர்ச்சுலயா கோயில்லயா, அத மொதல்ல கேளு மதினி.”

அவர்கள் இருவரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு வீட்டிலும் இல்லை. விடுதியிலும் இல்லை.

அவன் காதுமடல் சிவந்திருந்தது.

“வெளியாளு வீடு படத்துல வரக் கூடாதுக்கா” என்றான். ஆனால் எடுக்கவில்லை. கை வைக்கக் கூடாது.

அவள் சார்ட்டை விரித்து, வீட்டுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு புள்ளி என்று படியெடுக்க உட்கார்ந்தாள். கறுப்பு மார்க்கர் காய்ந்திருந்தது. வாங்கி வருகிறேன் என்று அவன் பைக்கை எடுத்தான். டவுனுக்கு ஓடையின் தரைப்பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

ஊரில் ஒரு தூறல்கூட இல்லை. மலையில் பெய்திருக்கிறது.

அவள் அப்போது ஓடையை வரைந்துகொண்டிருந்தாள்.

*

அவன் வீடு நாகர்கோவில் பக்கம். கூடப் படித்தவர்கள் ஒரு வேன் பிடித்துப் போனார்கள். சவப்பெட்டியின் தலைமாட்டில் அவன் அம்மா இருந்தாள். வரிசையில் வந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

“நீ யாரு மக்களே?”

“கூடப் படிச்சேன்.”

அடுத்த ஆளுக்கு இடம் விட்டு நகர வேண்டியிருந்தது.

*

பேராசிரியர் நல்லவர். அவகாசம் கொடுத்தார். ஆய்வேட்டைப் பொறுமையாகப் படித்தார். படத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“கணக்கெடுப்பை விடப் படத்துல ஒரு வீடு கூடுதலா இருக்கேம்மா. அத எடுத்துடு.”

“ஊர்தான் சார் திருத்தணும்.”

அவர் அவளைப் பார்த்தார்.

“அப்ப ஊர்லயே போய்க் கேட்டுட்டு வா.”

*

மந்தையில் சார்ட்டை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அவளிடம் வெள்ளை மைக் குப்பி இருந்தது.

“கணக்கு இடிக்குது. இல்லாத வீடு, இல்லாத ஆளு எது இருந்தாலும் சொல்லுங்க. அழிச்சிரலாம்.”

அதைச் சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது.

சடைச்சி விரலை வைத்து வீடு வீடாக வந்தாள். மழையில் விழுந்த ஒரு வீட்டை எடுக்கச் சொன்னாள். வேணி எடுத்தாள். அந்த இடத்துக்குப் பதில் மேட்டில் புதிதாகக் கட்டிய வீட்டைச் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தாள். மேலத்தெருவில் விரல் ஒரு வீட்டில் நின்றது.

அந்த வீட்டுக்காரி ஒச்சாயி முன்னால் நகர்ந்து வந்தாள். நெற்றியில் பொட்டில்லை.

“எங்காளு ஆவணியில போயிட்டாரு. ஒரு புள்ளிய அழிச்சிரு தாயி.”

அழித்தாள். வெள்ளை மை காய ஊதிவிட்டாள்.

விரல் நகர்ந்தது. கடை. அடிபம்பு. பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் நின்றது.

ஒச்சாயி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

வேணி குப்பியின் மூடியைத் திருகித் திறந்தாள். வீட்டை எடுக்கச் சொல்வார்களா, ஒரு புள்ளியை மட்டுமா என்று தெரியவில்லை. காத்திருந்தாள்.

சடைச்சி நிமிரவில்லை.

“மூடு. மை காஞ்சிரப் போவுது.”

விரல் அடுத்த வீட்டுக்குப் போனது.

*

படத்தின் கீழே, ஊரார் சரிபார்த்தது என்று எழுதிக்கொடுத்தாள். பேராசிரியர் எண்ணிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஆய்வேடு துறை நூலகத்தில், கடைசி அலமாரியில் இருக்கிறது. கணக்கெடுப்பு அட்டவணையில் உள்ளதைவிடப் படத்தில் ஒரு வீடு கூடுதல்.

பள்ளிக்கூடத்தை ஒட்டி. இரண்டு பேர்.