காலியாக இருந்த கணக்கு

சொந்தபந்தங்களின் போட்டோக்களைச் சேர்த்து வைக்க, திருத்தணி வீட்டிலேயே ஒரு சர்வர் ஓட்டினான் திலீப். ஆளுக்கொரு கணக்கு, எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, முருகன் பெயர்.

யார் யார் திறந்தார்கள் என்று பார்க்காமல் அவனுக்குக் காலைக் காபி இறங்காது.

"ஆர்.கே.பேட்டை பாவா தெனம் பாக்குறாரு. அரக்கோணம் சித்தி தெனம் பாக்குறாங்க. காலியா கெடக்கறது என் பொண்டாட்டி கணக்குதான்" என்று பானுப்ரியாவைக் குத்துவான்.

ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது. கூனிக்குறுகி, அக்கா வீட்டுக்காரருக்கு போன் போட்டான்.

"மன்னிச்சுக்கோங்க பாவா, ரெண்டு நாளு போட்டோ வராது."

"எந்த போட்டோ நைனா? நான் அத தெறந்ததே இல்லியே."

சித்தியும் அதையேதான் சொன்னாள்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான். பானு தோசையைத் திருப்பியபடியே சொன்னாள்:

"யாரும் பாக்கலன்னா மொகம் வாடிப் போவுதே உங்களுக்கு. அவங்க கணக்குல எல்லாம் நான்தான் தெறந்துகினு இருந்தேன். என்னுதத் தெறக்க எங்க நேரம்?"