முகம் தெரியாத கிருமி

பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தையின் ரத்தத்தில் காவலுக்கு இருந்த வெள்ளணுக்களில் இருவர் எப்போதும் சேர்ந்தே இருந்தார்கள். ஒருத்தி நாச்சி. தொப்புள்கொடி வழியாகத் தாயின் உடம்பிலிருந்து வந்துவிட்டவள். தான் சண்டையிட்ட கிருமிகளின் முகமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இன்னொருத்தி மொட்டு, குழந்தையோடு பிறந்தவள். அவளுக்கு யாரையும் தெரியாது.

ஒரு நாள் காலையில் புதுக் கிருமி ஒன்று நுரையீரலுக்குள் நுழைந்து மளமளவென்று பெருகியது. குழந்தைக்கு உடம்பு கொதித்தது. பால் குடிக்க மறுத்தது.

"இவனை எங்கேயும் பார்த்த நினைவு இல்லையே," என்றாள் நாச்சி. "கொஞ்சம் பொறு மொட்டு. யாரென்று தெரியாமல் கைவைக்கக் கூடாது."

"எனக்கு எல்லாருமே தெரியாதவர்கள்தானே அக்கா. தெரிந்த பிறகுதான் என்றால் நான் எப்போது போவது?"

சொல்லிவிட்டு மொட்டு பாய்ந்தாள். அவள் வயதுக்காரிகள் எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள். நாச்சி நினைவைத் துழாவிக்கொண்டு நின்றாள். அவள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் சண்டை ஓய்ந்து, குழந்தை பாலுக்கு அழுதது.

மொட்டு களைத்துத் திரும்பினாள். நாச்சிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்: "அவன் எப்படி இருந்தான்? சொல், நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன்."

மொட்டு யோசித்துப் பார்த்தாள்.

"கவனிக்கவில்லையே அக்கா. மறுபடி வந்தால் மறுபடி போகிறேன்."