வண்டி சொன்ன மாப்பிள்ளை

“ஆளை எதுக்கு நான் பார்க்கணும்? அவன் வண்டியை ஒரு நாள் என்கிட்ட விடச் சொல்லு. போதும்.”

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் வேலை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டே வாருங்கள். ஒரே மூச்சில் முடிகிற கதைதான் இது. இப்படிச் சொன்னவள் மெக்கானிக் அக்கா. அந்தத் தெருவில் அவளை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சொன்னது, தன் ஒரே மகளிடம்.

மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. அவனுக்கு வேலை கிடைத்த ஊரோ, காரில் போனாலே இரண்டு நாள் தூரம். அக்கா தலையாட்டினால், கல்யாணம் முடிந்த கையோடு அவன் வீட்டுக் காரிலேயே இருவரும் கிளம்புவார்கள். ஆட்டாவிட்டால் அவன் மட்டும் போவான். கண்ணுக்குக் கண்ணாய் வளர்த்த பெண்ணை அவ்வளவு தூரத்துக்கு எவனை நம்பி அனுப்புவது?

சனிக்கிழமை காலை மகளே காரை ஓட்டிக்கொண்டு வந்து ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினாள்.

“ஏன், துரைக்கு வர நேரமில்லையாமா?”

“சாயங்காலம் வருவாரு. உனக்கு வண்டிதானே வேணும்?”

அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். ஜாக்கி போட்டு, சக்கரங்களைக் கழற்றி, பிரேக்கைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“என்னம்மா சொல்லுது?” மகள் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் ஒரே சீரா தேஞ்சிருக்கு, அதுவும் கொஞ்சமாத்தான். கிட்டப் போய் அலறியடிச்சு மிதிக்கிற கால் இல்ல. தூரத்துலயே பார்த்து நிதானமா வேகத்தைக் குறைக்கிற கால். வீட்டுல சண்டை வந்தாலும் அப்படித்தான் இருக்கும்.”

“அப்பாவுக்கு எப்படி?”

“உங்கப்பா சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது. அது தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். வாய்க்கும் கிடையாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.”

உள்ளே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அப்பா வேண்டுமென்றே இருமினார்.

அக்கா பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றினாள். இன்ஜின் பெல்ட்டில் ஒரு கீறல் தெரிந்தது. நடுக்காட்டில் அறுந்தால் யார் வருவார்கள் என்று அதையும் மாற்றினாள். பிறகு உள்ளே ஏறி கிளட்ச்சை மிதித்துப் பார்த்தாள்.

“பெடல் ரப்பர்கூடத் தேயல. சில பேர் மாமியார் மாதிரி, வேலை இருக்கோ இல்லையோ, கிளட்ச் மேல ஒரு காலை வச்சுக்கிட்டே இருப்பாங்க. இது அப்படி இல்ல. தேவைப்பட்டாத்தான் தொடும்.”

டீ குடித்துக்கொண்டிருந்த மகளுக்குப் புரையேறியது.

“மெதுவாக் குடிடி.” அக்கா டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று பார்த்தாள். புருவம் உயர்ந்தது. “ஊர்ல பாதிப் பேருக்கு பஞ்சரானாத்தான் ஸ்டெப்னி ஞாபகமே வரும். இதுல காத்து ஒரு துளி குறையல. சோப்பு தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த சோப்பு வாங்கி வைக்கிற புத்தி இது.”

“அப்படியா?”

“பின்சீட் பெல்ட்டைப் பாரு. எல்லா வண்டியிலயும் அது சீட்டுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். இங்க துடைச்சு, வெளிய எடுத்துப் போட்டிருக்கு. ஓட்டும்போதும் பின்னால இருக்கறவங்க மேல ஒரு கண்ணு இருந்திருக்கு.” சொல்லும்போதே அக்காவின் குரல் இளகிவிட்டது.

“அப்போ?”

“என்ன அப்போ? அவனை வரச் சொல்லு.”

மாலையில் பையன் வந்தான். ஆயில் சிந்திய தரையில் வழுக்கி, ஒரு வழியாகச் சமாளித்து நின்றான்.

“வாங்க ஆன்ட்டி... இல்ல, நான்தான் வந்திருக்கேன் ஆன்ட்டி.”

“தெரியுது. ஆன்ட்டியெல்லாம் வேண்டாம், அத்தைன்னே கூப்பிடு. ஆயில் மாத்தியாச்சு, பெல்ட் மாத்தியாச்சு. ரெண்டு நாள் என்ன, உலகத்தையே சுத்தி வரலாம். ஒரு வண்டியை இப்படி வச்சிருக்கிற கையில என் பொண்ணைக் கொடுக்க எனக்குச் சம்மதம்.” அக்கா சாவியை நீட்டினாள்.

மகள் சட்டென்று குறுக்கே வந்தாள். “என்கிட்ட குடும்மா. நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்.”

அவன் நகரவில்லை. மகள் அவன் காலை மிதித்தாள். அவன் காலை உருவிக்கொண்டான்.

“அத்தை, இவ சொல்லக் கூடாதுன்னு சொன்னா. ஆனா சொல்லாம உங்க சம்மதத்தை வாங்கிக்க மனசு வரல. இது எங்கம்மா வண்டி. வாங்கின நாள்லேருந்து ஓட்டறதும் அவங்கதான், பார்த்துக்கறதும் அவங்கதான். எங்களைக் கொண்டுபோய் விடப் போறதும் அவங்கதான். எனக்கு ஓட்டவே தெரியாது.”

மகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அக்கா அவனை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். பிறகு சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

“காலையிலேருந்து என் சம்பந்தியம்மாவைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். மாப்பிள்ளையை இப்போதான் பார்த்தேன்.”

உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிற வண்டியெல்லாம், கண்ணுகளா, சிரித்த முகங்களோடு உங்கள் வாசலுக்கே திரும்பி வந்து சேரட்டும்.