காத்திருக்கும் அரக்கன்

அரக்கன் வாளை ஓங்கியபடி நின்றான்.

அடிக்கவில்லை. டிவியில் மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நின்றான். ஆடுகிறவன் பொத்தானை அழுத்தி முடித்தால்தான் அரக்கனின் முறை வரும்.

அதுதான் அவள் போட்ட கணக்கைக் கெடுத்தது.

போன வாரம் வரை அவள் கணவன் ஆடியதெல்லாம் துப்பாக்கி வீடியோ கேம்கள். ஆரம்பித்தால் கண்ணை எடுக்க மாட்டான். வீடு பற்றி எரிந்தாலும் "ஒரு நிமிஷம்" என்பான். அதை நம்பித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் குறித்து வைத்திருந்தாள்.

பாழாய்ப்போன இந்த ஆட்டம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட நாளில் அவன் ஆடியதாம். இப்போது புதுப் படம், புது இசையெல்லாம் சேர்த்து மறுபடியும் விட்டிருக்கிறார்களாம். ஆளுக்கு ஒரு அடி, முறை வைத்து. நடுவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

யோசிக்கிற நேரமெல்லாம் அவன் அவளைப் பார்த்தான்.

"என்ன தாரிணி, வாசலையே பாக்குற?"

"சாப்பாடு இன்னும் வரலையேன்னு."

"வரும். என்ன அவசரம்? இதப் பாரு. நான் அமுக்குற வரைக்கும் இப்படியே நிக்கும்."

கம்பிக் கதவு பூட்டியிருந்தது. சாவி அவன் சட்டைப்பையில். இருப்பது ஒரே சாவி. இன்னொன்று செய்யலாமே என்று ஒருமுறை கேட்டாள். எதற்கு என்று கேட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆபீஸ் போகும்போது வெளியே பூட்டுவான். வீட்டில் இருக்கும்போது உள்ளே பூட்டுவான்.

நல்ல மனிதன். கை நீட்டியதே இல்லை. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

காலையில் துணி காயப்போட மட்டும் மொட்டை மாடிக்கு விடுவான். அவள் திரும்பி வரும்வரை மாடிப்படியிலேயே நிற்பான். மேலே கொடிக்கு அந்தப் பக்கம் நான்காம் மாடி ரெஜினா அக்கா நிற்பாள்.

தாரிணியின் சுடிதார்கள் ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து ரெஜினா வீட்டு பீரோவுக்குப் போய்விட்டன. அவனுக்குத் தெரியவில்லை. அவள் என்ன உடுத்துகிறாள் என்று அவன் பார்ப்பதில்லை. எங்கே போகிறாள் என்றுதான் பார்ப்பான்.

இந்நேரம் ரெஜினா கீழே ஸ்கூட்டரோடு நின்றிருப்பாள்.

அழைப்பு மணி அடித்தது.

கதவை எப்போதும் அவன்தான் திறப்பான். கண்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டு எழுந்து போனான். அவசரமில்லையே. அரக்கன் நிற்பான்.

அவள் கண்ட்ரோலரை எடுத்தாள்.

செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முதல் நாளே அவன் காட்டினான். எதையும் அவளுக்கு விளக்கிச் சொல்வதில் அவனுக்கு அப்படி ஓர் ஆசை. "ரெண்டு மோடு இருக்கு. கிளாசிக்னா காத்திருக்கும். ஆக்‌ஷன்னா காத்திருக்காது, அது பாட்டுக்கு அடிக்கும். பொறுமை இல்லாத பசங்களுக்கு வச்சிருக்கான்" என்று சிரித்தான்.

ஆக்‌ஷன்.

அதற்குக் கீழே இன்னொரு வரி. எளிது, நடுத்தரம், கடினம்.

எளிது என்றால் சீக்கிரம் ஜெயித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். கடினம் என்றால் சீக்கிரம் செத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். நடுவிலேயே விட்டாள். ஜெயிக்கவும் விடாமல் தோற்கவும் விடாமல் ஒருவரை எவ்வளவு காலம் உட்கார வைக்க முடியும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் இந்த வீட்டில் அப்படித்தானே உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் அவன் பார்சலை வாங்கிக்கொண்டிருந்தான். ஒரு கையில் பரோட்டாவும் சால்னாவும். மறு கையில் பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில். அதையும் சேர்த்து ஆர்டர் போடச் சொன்னது அவள்தான். கம்பிக் கதவைக் காலால் இழுத்து மூடினான். சாவி பூட்டிலேயே நின்றது. பார்சலை வைத்துவிட்டு வந்து பூட்டுவான்.

அவன் திரும்பினான். அவள் அழுத்தினாள்.

அரக்கனின் வாள் இறங்கியது.

"ஏய், என்ன பண்ணுன?"

"கை பட்டுடுச்சுங்க."

பார்சல் டீப்பாய்மேல் விழுந்தது. அவன் கண்ட்ரோலரைப் பிடுங்கினான். அரக்கன் மறுபடி அடித்தான். மறுபடியும். இவன் உதட்டைக் கடித்துக்கொண்டு சோபா நுனிக்கு வந்தான்.

"மோடு மாத்தித் தொலைச்சிட்டியா? இருக்கட்டும். இதுலயும் இவன ஒரு கை பாத்துடுறேன்."

"பரோட்டா ஆறிடும்" என்றாள்.

அவன் விரல்கள் பொத்தான்களில் ஓடிக்கொண்டிருந்தன.

தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். இல்லாவிட்டால் அதற்குக் கூப்பிடுவான். பிறகு அவன் முதுகையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

செருப்பை எடுக்கவில்லை. அந்த அலமாரிக் கதவு கிறீச்சிடும். கம்பிக் கதவும் கிறீச்சிடும்தான். அரக்கன் உறுமட்டும் என்று நின்றாள். உறுமினான். இழுத்தாள்.

வெளியே வந்து சாவியை உருவி, இந்தப் பக்கம் போட்டுத் திருகினாள். தினமும் காலையில் உள்ளே நின்று கேட்ட சத்தம். வெளியே நின்று கேட்டால் அது அவ்வளவு பெரிதாக இல்லை.

படிகளில் ஓடினாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் வாள் சத்தம் நின்றது. மேலே அவள் பெயர் கேட்டது. முதலில், தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாக. பிறகு வாசல் பக்கமிருந்து. பிறகு கம்பி குலுங்கியது.

அவள் ஓடுவதை நிறுத்தினாள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். வெறுங்காலுக்குத் தரை சில்லென்று இருந்தது.

என்ன அவசரம்?