மாடிவீட்டுப் புகைச்சல்

“என்ன புகை இது? மனுஷங்க குடியிருக்கிற வீடா, சுடுகாடா?”

கெட்ட சரக்கைத் திருப்பித் தர வந்தவர் போல மாடிவீட்டு டீச்சர் தடதடவென்று இறங்கி வந்தார். கொல்லையில் தகர டிரம்முக்குள் மீனைக் கட்டித் தொங்கவிட்டு, புகையில் வாட்ட அடியில் கரி மூட்டியிருந்த கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் நிமிர்ந்தார்.

“வாராவாரம் போடுற புகைதானே டீச்சர்? இன்னைக்குத்தான் உங்க மூக்கு முழிச்சுதா?”

“வாயை அடக்குங்க. கரி மேல என்ன கட்டை போட்டீங்க?”

“கொய்யா. காலையிலதான் வெட்டினேன்.”

“பச்சைக் கட்டையா? அறிவிருக்கா? காய்ஞ்ச கட்டையைத்தானே போடணும்!”

“என் டிரம்மு, என் மீனு. பிடிக்கலைன்னா ஜன்னலைச் சாத்துங்க.”

“நான் ஏன் சாத்தணும்? வீட்டுக்காரர்கிட்டச் சொல்றேன், இருங்க!”

எலக்ட்ரீஷியனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வீட்டுக்காரர் காதுக்குப் போனால் டிரம்மோடு அவரும் தெருவில்தான் நிற்க வேண்டும்.

“அவர் எதுக்கு? நானே முடிச்சுடுறேன். இனி இந்த வீட்டுல மீனும் கிடையாது, புகையும் கிடையாது. நிம்மதியா இருங்க!” என்று தண்ணீர் வாளியைத் தூக்கினார்.

“ஐயையோ, அணைச்சுடாதீங்க!” டீச்சர் பாய்ந்து வாளியைப் பிடித்தார்.

டீச்சரின் கண் மேலே போக, எலக்ட்ரீஷியனும் அண்ணாந்து பார்த்தார். டிரம்முக்கு நேர் மேலே, மாடி ஜன்னல் கம்பி முழுக்க நூலில் கட்டிய மீன்கள் வரிசையாகத் தொங்கின.

“உங்க பச்சைக் கட்டைப் புகையில அத்தனையும் கசந்துபோச்சு. மாப்பிள்ளை சாப்பிட வர்றார்,” டீச்சர் பல்லைக் கடித்தார். “காய்ஞ்ச கட்டையா போட்டுத் தொலைங்க!”