பெட்டி கொடுத்த குரல்

குரல்வளையை அகற்றிய பிறகு சிரில், பொழுதுபோக்காக வைத்திருந்த தன் ஹாம் ரேடியோவில் மோர்ஸ் குறியீடு மட்டுமே தட்டிவந்தார். வீட்டில் உதடுகளை அசைப்பார். மனைவி ரெஜினா அதைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவருடைய நண்பர் ரொட்ரிகோ, பேச்சை எண்களாக மாற்றி அனுப்பும் பெட்டிகள் இரண்டைச் செய்தார். அப்படியொரு முறை அப்போதுதான் வந்திருந்தது. ஒன்றைச் சிரிலின் ரேடியோவிலும் மற்றதைத் தன்னுடையதிலும் இணைத்தார். ரெஜினா ரொட்ரிகோவின் வீட்டிலிருந்து பேசுவதாகவும், சிரில் தன் வீட்டில் கேட்டுவிட்டு மோர்ஸில் பதில் தருவதாகவும் ஏற்பாடு.

அவள் பேசி முடித்ததும் மோர்ஸ் வரவில்லை. இரும்புக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஓர் ஆண்குரல், “ரெஜினா, நல்லா கேக்குது” என்றது. சிரில் மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து வாயசைத்திருந்தார்.

ரொட்ரிகோ ஸ்பீக்கரைப் பார்த்தபடியே சொன்னார்: “மைனி, அது அண்ணன் குரல் இல்ல. இந்தப் பெட்டிக்கு மனுசக் குரல் மட்டுந்தான் தெரியும். வாய்க்காத்து போனாலும் அதக் குரலாக்கித்தான் வெளிய விடும்.”

“சொன்னது அவருதான?”

“அவருதான்.”

ரெஜினா மைக்கின் பேச்சுப் பொத்தானை அழுத்தினாள். பேச வாயெடுத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. விரலை எடுக்கத் தோன்றவில்லை. பெட்டி அந்த அழுகையையும் வாங்கிப் பேச்சுபோல ஆக்கி அனுப்பியது. ஒருவழியாக அவள் கையை எடுத்தபோது, அதே இரும்புக் குரல் கேட்டது:

“ஏதோ சொன்னியே, வெளங்கல. இன்னொருக்கா சொல்லு.”